பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கரும் கேட்காத ஜால்ராவும்

எட்டு இஞ்சு போதும் என்று ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். பத்துக்குப் பத்து ரூம், மேலே ஓடு, கேட்கப்போவது நீங்களும் அண்ணியும், இதற்கு மேல் எதற்கு என்றார். எனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. நான் மில்லில் தறி ஓட்டியவன். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. இஞ்சு என்றால் எனக்குத் துணியின் அகலம்தான். முப்பத்தாறு இஞ்சுத் துணியைவிட நாற்பத்தெட்டு இஞ்சு பெரிய துணி. அகலத் தறி ஓட்டுகிறவனுக்கு ஷெட்டில் மரியாதை கொஞ்சம் அதிகம். ஸ்பீக்கரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அகலம் கூடினால் எல்லாம் கூடும்.

ஆனால் பெரிய ஸ்பீக்கர் தேடி நான் அலைந்ததற்கு இஞ்சு காரணமில்லை. பயம்தான் காரணம். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரியிடம்கூட.

முதலில் டேப் ரெக்கார்டர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தொன்பதோ எண்பதோ இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்தவர். பென்ஷன் வாங்கப் போகிற நாளில் காலையிலேயே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சித்திரை வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் ரிக்‌ஷாவுக்கு நிற்பார். கழுத்தெல்லாம் வியர்வை ஊற்றும். கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்களேன் மிசியே என்று ஒரு தடவை சொன்னேன். அல்ஜீரியாவில் இதைவிட வெயில், அங்கேயே கழற்றவில்லை என்றார்.

அவருடைய மகன் பிரான்சில் வேலையாக இருந்தான். லீவில் வந்தபோது புது செட் ஒன்று கொண்டுவந்தான். பழைய டேப் ரெக்கார்டர் அவர்கள் வீட்டு மூலையில் கிடந்தது. ஒரு நாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு நாயனம் என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் கிழிந்துபோய்விட்டது, வெளியே ஒன்று வாங்கி மாட்டிக்கொள், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கூடவே ஒரு கேசட். அவர் மகள் கல்யாணத்தில் வாசித்த நாயனத்தை மகன் அதே டேப்பில் பிடித்து வைத்திருந்தான்.

அந்தக் கல்யாணத்தில் நானும் இருந்தேன். பந்திக்குக்கூடப் போகாமல் நாயனக்காரர்கள் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, ஜால்ரா. ஜால்ரா போட்டவர் ஒல்லியான மனுஷர், காதில் சிவப்புக் கடுக்கன். கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு அடிகூடப் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தார். என் கைக்கு எட்டுகிற தூரம். அவர் கை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

வீட்டில் ஓடாத பழைய ரேடியோ ஒன்று இருந்தது. அதில் இருந்த ஐந்து இஞ்சு ஸ்பீக்கரைக் கழற்றி, இரண்டு வயர் இழுத்து டேப்பில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரி மீன் வாங்கப் போயிருந்தாள். கேசட்டைப் போட்டேன். நாயனம் வந்தது. தவில் வந்தது. ஒத்து இழுத்துக்கொண்டே இருந்தது. ஜால்ரா வரவில்லை.

சின்ன ஸ்பீக்கர், பாதியைத் தின்றுவிடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர, அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பாவும் அதே மில்லில்தான் தறி ஓட்டினார். நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் கூப்பிட்டால் திரும்பமாட்டார். அப்புறம் எல்லாவற்றுக்கும் சிரிக்க ஆரம்பித்தார். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டால் எதிரில் இருப்பவன் போய்விடுவான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். தெருப் பிள்ளைகள் டமாரம் என்று கத்திவிட்டு ஓடும், அதற்கும் சிரிப்பார். ஒரு நாள் ஊரிலிருந்து ஆள் வந்து அவருடைய சொந்தத் தங்கை செத்துப்போனதைச் சொன்னான். அப்பா அவன் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வந்தவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான், என்னவோ தப்பாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, சிரிப்பை மெதுவாக நிறுத்தினார்.

டேப் வந்த வருஷம் எனக்கு நாற்பத்தொன்று.

மறுநாளே பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிடச் சின்னவர், பொறுமையான ஆள். நாற்காலி எங்கே போடுவீர்கள், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் எத்தனை அடி, சுவரை ஒட்டி வைப்பீர்களா என்றெல்லாம் கேட்டார். பெண் பார்க்க வந்தவன் மாதிரி இவ்வளவு கேள்வியா என்று எனக்கு எரிச்சல். ஐந்து இஞ்சில் ஜால்ரா வரவில்லை, அது வரவேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அண்ணே, பெருசு ஆக ஆக அடி சத்தம்தான் ஜாஸ்தியாவும். ஜால்ரா மாதிரி மெல்லிசு சத்தத்துக்குச் சின்னதுதான் நல்லது. அஞ்சுலயே வரணுமே?"

அந்த "வரணுமே" எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கடையில் பெரியது இல்லை, அதனால் சொல்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. எட்டு இஞ்சு ஒன்று கொடுத்தார். பெட்டிக்கு அளவு சொன்னார், அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, உள்ளே பஞ்சு ஒட்டு, பின்பக்கம் இறுக்கமாக மூடு என்று. பஞ்சுக்கா பஞ்சம், மில்லில் மிதித்துக்கொண்டு நடக்கிறோம். டீப்பெட்டிப் பலகையில் நானே செய்தேன். பெட்டி நன்றாக வந்தது. தவில் நன்றாக வந்தது. நாயனம் கூடத்தில் நின்று வாசிக்கிற மாதிரி வந்தது. ஜால்ரா வரவில்லை.

வீட்டுக்காரியைக் கேட்டிருக்கலாம். கேசட் ஓடும்போது அவள் அடுப்படியில்தான் இருப்பாள். உனக்கு ஜால்ரா கேட்கிறதா என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்கவில்லை என்று அவள் சொன்னால் குற்றம் ஸ்பீக்கருடையது. கேட்கிறது என்று சொல்லிவிட்டால்?

அதனால் அவளை விட்டுவிட்டு ஷெட்டில் என்னோடு வேலை செய்தவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டேன். பதினெட்டு இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துத் தறி. அதில் ஒருவன் ஆறடிக்கு மேல், நெட்டை என்றே கூப்பிடுவோம். எங்கள் ஷெட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான தறி ஒன்றாக ஓடும்போது அங்கே பேச்சு கிடையாது. வாயசைப்பும் கையும்தான். நாலு தறி தள்ளி நிற்கிறவன் வாயைப் பார்த்தே அவன் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்று சொல்லிவிடுவோம். மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று திட்டலாம், அவர் திரும்பாதவரைக்கும். புதிதாக வந்தவனுக்கு இது பழக ஆறு மாசம் ஆகும். பழகிவிட்டால் அப்புறம் வெளியிலும் அப்படித்தான் பேசுவோம், அது நமக்கே தெரியாது.

மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து எட்டு இஞ்சைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பதைவிடப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். நெட்டை எழுந்துபோய் ஸ்பீக்கர் பேப்பர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இன்னாபா இது, கொசு உக்காந்த மாதிரி கீது. சும்மா அதிர வேணாமா?"

மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். ஜால்ரா வருகிறதா என்று மெதுவாகக் கேட்டேன். எங்கே வருகிறது, ஒன்றும் வரவில்லை, பெரியதாகப் போடு என்று மூன்று பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. நாலு பேருக்குக் கேட்கவில்லை என்றால் அது காதுக் கோளாறாக எப்படி இருக்கும்? அன்றைக்கு அவர்களுக்குக் கறி சோறு போட்டு அனுப்பினேன்.

தவளக்குப்பத்தில் மைக்செட் வைத்திருந்த ஒருவரிடம் பன்னிரண்டு இஞ்சு இருக்கிறது என்று நெட்டைதான் விசாரித்துச் சொன்னான். பஸ்ஸில் போய் வாங்கி, திரும்பும்போது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் இருக்கிற காந்தமே அம்மிக்கல் கனம். கண்டக்டர் இதற்கு ஒரு டிக்கெட் எடுக்கணும் என்று கிண்டல் செய்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டும் வரை ஒரே யோசனை. இதிலும் வராவிட்டால் இதற்குமேல் இஞ்சு எங்கே இருக்கிறது?

எட்டு இஞ்சுக்குச் செய்த பெட்டியிலேயே ஓட்டையைப் பெரிதாக அறுத்து மாட்டினேன். கடைக்காரர் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பெரிய ஸ்பீக்கருக்குப் பெரிய பெட்டி வேண்டும், பெரிய ரூமும் வேண்டும் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். கேசட்டைப் போட்டேன். தவில் அடிக்க அடிக்கப் பலகையில் இருந்த டம்ளர் எல்லாம் நடந்தன. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. நாயனம் தவிலுக்குள் எங்கேயோ மூழ்கிக் கிடந்தது. வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து, இதில் பாட்டு எங்கே, இடிதானே இருக்கிறது என்றாள். சொல்தா சுவர் பக்கம் வந்து, அல்ஜீரியாவில்கூட ஞாயிற்றுக்கிழமை குண்டு போடமாட்டார்கள் தம்பி என்றார்.

மூன்று பேரும் வந்து கேட்டுவிட்டு, இதுதான் செட் என்றார்கள். நெட்டை கையை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஜால்ராவைப் பற்றி அவர்கள் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு பெட்டிமேல் காதை வைத்து, முதலில் வலது, பிறகு இடது, மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றுமில்லை. அந்த ஒரு மாசம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. யாராவது பேசினால் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். ஒரு தடவை டீக்கடையில் ஒருவர் என்னவோ கேட்டார், நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே இரண்டு நாள் நடமாடினாள். நான் மூலையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன், பிறகு வேலையைப் பார்த்தேன். அவள் முந்தானையை எடுத்துவிட்டு, வலியோடு, தண்ணீர் பிடித்துக் கொடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேனே என்றாள். உடனே எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பேசுகிறாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. முந்தானையை எடுத்தாள். மூடினாள். மறுபடி எடுத்தாள். என்னைச் சோதிக்கிறாள் என்று தெரிந்து, மூன்றாவது தடவை நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் பாயில் உட்கார்ந்தாள். அப்புறம் எனக்குத் தெரியும்படி வாயைத் திறந்து கேட்டாள்.

"எத்தினி நாளா?"

நான் ஜால்ராவைப் பற்றிச் சொன்னேன். ஐந்து, எட்டு, பன்னிரண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு என்னவோ புரிந்த மாதிரி ஒரு தயக்கம்.

"ஜால்ராவா? அது பாட்டுக்கு அடிச்சிக்கினேதாங்க கீது. மொத நாள்லேந்து."

நான் நம்பமாட்டேன் என்றேன். பழைய ஐந்து இஞ்சை எடுத்து மாட்டச் சொன்னாள். கேசட் ஓடியது. அவள் என் எதிரில் உட்கார்ந்து, ஜால்ரா விழுகிற இடத்தில் எல்லாம் ஆள்காட்டி விரலால் தரையைத் தட்டினாள். விரல் நிற்கவே இல்லை. தவிலுக்கு நடுவில், நாயனம் மூச்சு வாங்குகிற இடத்தில், எல்லாம் சரியாக, கல்யாண வீட்டில் அந்தக் கடுக்கன்காரர் கை போன மாதிரியே போனது. எட்டு இஞ்சை மாட்டினோம். விரல் தட்டியது, கொஞ்சம் காது கொடுத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு தட்டினாள். பன்னிரண்டை மாட்டினோம். விரல் தடுமாறியது. நாலு தட்டு, பிறகு நிற்கும், பிறகு ஒரு தட்டு. அப்புறம் விரலை மடக்கிக்கொண்டு, இதில் எனக்கே கேட்கவில்லை என்றாள்.

கடைக்காரர் சொன்னதுதான் சரி. நான் சேர்த்த ஒவ்வொரு இஞ்சும் ஜால்ராவை அவளிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறது. எனக்கு அது முதலிலேயே இல்லை. கல்யாணத்தில் அதைக் கேட்டேனா, அவர் கை அசைவதைப் பார்த்துக் கேட்டதாக நினைத்தேனா என்று அன்றைக்கு யோசித்தேன். இன்றைக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். பெட்டியில் எட்டு இஞ்சு இருந்தது. முன்பலகையை மாற்றி, மெல்லிசு சத்தத்துக்கென்றே கடைக்காரர் கொடுத்த ஒரு சின்ன ட்வீட்டரையும் மேலே வைத்திருந்தேன், ரூபாய் வட்டம்தான் இருக்கும். நெட்டை பார்த்துவிட்டு ஏன் பெரியதைக் கழற்றினாய், வீட்டில் மிரட்டிவிட்டார்களா என்று கேலி செய்தான். நான் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவன் கோபித்துக்கொண்டு, எங்களையும் செவிடு என்கிறாயா என்று எழுந்து போய்விட்டான். இன்னொருவன் அவனைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே போனான். நெட்டை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஷெட்டில் எல்லாரையும் விட அதிகமாக வாயடிக்கிறவன்.

"அண்ணிய கொஞ்சம் எனக்கும் தட்ட சொல்லேன்" என்றான்.

அவள் தட்டினாள். அவன் ஸ்பீக்கருக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்து, அவள் விரலைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, விரலைப் பார்த்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எப்போது போகலாம் என்று கேட்டான்.

இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். காது டாக்டர் ஒரு அம்மா. முள்கரண்டி மாதிரி ஒரு இரும்பைத் தட்டிக் காதருகில் வைத்தார். காதுக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். என் பயத்தை அவரிடம்தான் முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன், அப்பா சிரித்ததையும் சேர்த்து. அவர் என் பக்கம் நன்றாகத் திரும்பி, நிதானமாகச் சொன்னார். மெல்லிசு சத்தம் போனது போனதுதான், மருந்து கிடையாது. மிச்சம் இருப்பது இருக்கும், அந்த இரைச்சலை விட்டு வந்தால். வராவிட்டால் அவரால் சொல்ல முடியாது.

மடிப்பு ஷெட்டுக்கு மாற்றல் கேட்டேன். அது பெண்கள் அதிகம் இருக்கிற இடம், தறிக்காரனுக்குக் கௌரவக் குறைச்சல், சம்பளமும் கம்மி. தெருவில் பேசினார்கள். எட்டு மாசம் அலைந்து வாங்கினேன். நெட்டை வரவில்லை. நாலு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவனால் முடியவில்லை. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு அதே தறியில் நின்றான். எண்பத்தாறு, எண்பத்தேழு வாக்கில் அவன் வீட்டுக்குப் போனால், வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிப்பான். என்னால் அங்கே அதிக நேரம் இருக்க முடியாது.

எனக்கும் அந்தப் பயம் ஷெட்டோடு போய்விடவில்லை. ஞாயிறு காலை அவள் மீன் வாங்கப் போகிற நேரத்தில் அதே கேசட், அதே எட்டு இஞ்சு, அதே நாற்காலி. சத்தம் வைக்கிற குமிழில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அதற்கு மேல் திருப்புவதில்லை. தவில் இருக்கிறதா, ஒத்து இருக்கிறதா, நாயனத்தில் மேல் ஸ்தாயி இருக்கிறதா என்று வீடு பூட்டிவிட்டுப் போகிறவன் ஜன்னலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஏதாவது மங்கினால் டேப்பின் ஹெட்டில் அழுக்கு என்று, சொல்தா கொடுத்த கொலோன் சென்ட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பேன். துடைத்த பிறகு தெளிந்தால் அழுக்கு. தெளியாவிட்டால் இன்னொரு தடவை துடைப்பேன்.

ஒரு ஞாயிறு அப்படித்தான், நாலு தடவை துடைத்தும் நாயனத்தின் மேல் ஸ்தாயி மங்கலாகவே இருந்தது. கையெல்லாம் கொலோன் வாசனை. வீட்டுக்காரி மீன் கூடையோடு உள்ளே வந்தாள். முன்னால் என்றால் டேப்பை நிறுத்தியிருப்பேன். அன்றைக்கு நிறுத்தவில்லை. அவளைக் கூப்பிட்டு, கூடையைக்கூட இறக்கவிடாமல், உயரத்தில் போகிற அந்த நாயனம் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

நின்றபடியே கேட்டாள். ரொம்ப ஓட்டி டேப் தேய்ந்துபோயிருக்கும், எனக்கும் மங்கல்தான் என்றாள். பிறகு என் நேர் எதிரில் வந்து நின்று, முகத்தைக் காட்டிக் கேட்டாள்.

"உங்களுக்குக் கேக்குதா?"

கேக்குது என்றேன். அன்றைக்குக் கேட்டது.